ரூமுக்கு ஒரு பிள்ளை

போன வாரம் ஒதிலியாவை நெடுஞ்சாலை ஓரத்தில் மயங்கிக் கிடந்தபடியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். எத்தனை பேர் என்னைத் திட்டினீர்களோ! என்ன செய்ய, பக்கம் முடிந்துபோயிற்று.

பிழைத்துக்கொண்டாள். வயிற்றில் இருக்கும் ஐந்து மாதத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி டாக்டரம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அனுப்பினாள்.

"போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம். இந்தக் குலுக்கல்ல இன்னும் ஒரு மாசம் போனா புள்ள தங்காது. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது, சொல்லிட்டேன்."

வேலையை விட்டுவிடலாமே என்பீர்கள். விட்டால் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு கிடைக்கிற லீவும் போய்விடும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறவளுக்குப் புது வேலை தர எவன் இருக்கிறான் இந்த ஊரில்? ஒதிலியா மெக்சிகோ நகரத்தின் நடுவில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு இஸ்திரி போடுகிறாள். வீடோ நகரத்துக்கு வடக்கே சும்பாங்கோ என்ற ஊரையும் தாண்டி, சோளக்காட்டை வழித்துப் போட்டுக் கட்டிய காலனியில் இருக்கிறது.

வீட்டை விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. தெருவில் பாதி வீடு காலி. பூட்டிவிட்டு நகரத்துக்கே போகலாம் என்றால், பூட்டிய வீட்டில் முதல் வாரம் மின்கம்பி போகும், அடுத்த வாரம் குழாயும் கதவும் போகும், அதற்கடுத்த வாரம் முன்பின் தெரியாத குடும்பம் ஒன்று உள்ளே உட்கார்ந்து பீன்ஸ் வேக வைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக் கடனோ கணவன் நிக்கானோரின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் காலனியில் நானும் குப்பை கொட்டியவள்தான். அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் இன்னொரு இடி. மூன்று வயது ததேயோவைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரெமேதியோஸ், "போதும்டியம்மா இந்தச் சுடுகாடு" என்று சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து மூத்தவள் அனாஹி தம்பிக்குக் காவல். பதின்மூன்று வயதுப் பெண், பள்ளிக்கூடம் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. வருகிற வாரமும் வரவில்லையென்றால் பெயரை அடித்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வழிதான் தெரிந்தது. ஒப்ரேரா பகுதியில் ஒரு மொட்டைமாடி ரூம். ஹோட்டலுக்கு நடந்தே போய்விடலாம். ஒதிலியா ததேயோவைக் கூட்டிக்கொண்டு அங்கே இருப்பாள், பையனை அருகிலேயே இன்சூரன்ஸ் குழந்தைக் காப்பகத்தில் விடுவாள். நிக்கானோருக்கு வேலை சும்பாங்கோ பக்கத்துக் கிடங்கில்தான், அவனும் அனாஹியும் வீட்டைக் காத்துக்கொள்வார்கள். அனாஹி மறுபடி பள்ளிக்கூடம் போவாள். ரூம்காரி எல்வீரா அம்மாள், அந்த ஊர் மரியாதையில் தோன்யா எல்வீரா, நகரத்தில் சொந்த வீடுள்ள ஜாமீன்தாரர் வேண்டும் என்று கேட்காத அபூர்வப் பிறவி. அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: ரூமுக்கு ஒரு பிள்ளை.

ஒதிலியா போனிலேயே சொல்லிவிட்டாள், "ஒரே பையன்தான், தோன்யா."

வயிற்றைப் பற்றிச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டால் பிறகு யார் பிள்ளைத்தாய்ச்சியை வெளியே தள்ளுவார்கள் என்பது அவள் கணக்கு.

* * *

சனிக்கிழமை. ரூம் பார்க்கப் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். அன்றைக்குத்தான் சூரியனுக்கும் கிரகணம் பிடிக்க வேண்டுமா?

"வேற நாள் கேளேன்மா," என்றாள் அனாஹி.

"கேட்டேன். ஒரு மணிக்கு இன்னொரு ஜோடி வருதாம். புள்ளையே இல்லாத ஜோடி. நாம போகலன்னா அவங்களுக்குத்தான்."

நிக்கானோர் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்திருந்தான். கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"என் பெரிய ஸ்வெட்டரப் போட்டுக்க, ஒதி. வயிறு தெரியாது."

"வெயில்ல ஸ்வெட்டரா? பைத்தியம்னு நெனைப்பா."

"நெனைக்கட்டும். பைத்தியத்துக்கு ரூம் இல்லன்னு அவ சொல்லலையே."

ஒதிலியா சிரித்துவிட்டாள். பிறகு உள்ளே போய், மூன்று ஊக்குகளைச் சிவப்பு நாடாவில் வரிசையாகக் குத்தி, ஸ்வெட்டருக்கு உள்ளே வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கிரகணத்தில் வெளியே போகிற பிள்ளைத்தாய்ச்சி இரும்பும் சிவப்பும் இல்லாமல் போவாளா? நிலா பிள்ளையின் உதட்டைக் கடித்துவிட்டால்?

அனாஹி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது வெறும் நிழல்மா. சயின்ஸ் டீச்சர் படம் போட்டுக் காட்டினாங்க."

"உங்க டீச்சர் ரோட்ல மயங்கி விழுந்தாங்களா?"

"இல்ல."

"அப்ப வாய மூடிக்கிட்டு முடிச்சு சரியா இருக்கான்னு பாரு."

அனாஹி முடிச்சை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டினாள். அம்மா பயந்திருப்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இந்த ஒரு வாரமாக அம்மா பயந்துதான் கிடக்கிறாள்.

"இன்னிக்கு நீ எனக்கு அக்கா பொண்ணு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, சித்தி," என்றாள் அனாஹி, வேண்டுமென்றே இழுத்து. "ததேயோ வாயத் திறந்தா என்ன பண்றது?"

"மிளகாய்த்தூள் தடவின குச்சி மிட்டாய் வாங்கித் தந்துடலாம். அது தீர்ற வரைக்கும் பேச மாட்டான்."

வேன், அதற்குப் பிறகு பஸ், அதற்குப் பிறகு மெட்ரோ. சனிக்கிழமை ஆனதால் உட்கார இடம் கிடைத்தது. அதுவே ஒரு நல்ல சகுனம் என்று ஒதிலியா நினைத்துக்கொண்டாள். பாவி மனசு, பிடித்துக்கொள்ள எது கிடைத்தாலும் விடாது.

* * *

தோன்யா எல்வீராவுக்கு எழுபது இருக்கும். குள்ளம், பருமன், இடுப்பில் ஒரு வண்டி சாவி. மாடிப்படி ஏறும்போதே ஒவ்வொரு படியிலும் ஒரு குறை சொன்னாள்.

"மோட்டார் போடறது நான். வியாழக்கிழமை தண்ணி வரலன்னா லாரிக்குச் சொல்றது நான். திட்டு வாங்கறதும் நான். அஞ்சு ரூமுக்கு ஒரே டாங்க். போன குடித்தனக்காரி ஒரு புள்ளன்னு சொல்லிட்டு மூணக் கொண்டாந்தா. மேல குளிச்சு முடிச்சா கீழ பல் வெளக்கத் தண்ணி இல்ல. அடிதடியாப் போச்சு, தெரியுமா?"

"எங்களுக்கு இவன் ஒருத்தன்தான், தோன்யா."

"இந்தப் பொண்ணு?"

"அக்கா பொண்ணு. துணைக்கு வந்தா."

தோன்யா திரும்பி அனாஹியின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு ஒதிலியாவின் முகத்தை. "மூக்கெல்லாம் குடும்ப மூக்கு போலிருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

மொட்டைமாடிக்குக் கடைசியில் ரூம். ஒரு கட்டில் போட்டால் நடக்கக் கொஞ்சம் இடம் மிஞ்சும். ஜன்னல் ஒன்று, கேஸ் அடுப்புக்கு ஒரு மேடை. ததேயோ மிட்டாயோடு ஓடிப்போய் மூலையில் உட்கார்ந்து, "இது என் இடம்" என்பதுபோலத் தரையைத் தட்டினான். ஒதிலியா ஜன்னலைத் திறந்தாள். அந்தத் தெருமுனை திரும்பினால் ஹோட்டல். காலையில் ஐந்தரைக்கு எழுந்தால் போதும். இதுவரை இரண்டரைக்கு எழுந்திருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பிடிச்சிருக்கு, தோன்யா. இன்னிக்கே வந்துடறேன்."

"இரு, இரு. கிரகணம் பிடிச்சாச்சு, வந்து பாரு மொதல்ல!"

மாடியில் மற்றக் குடித்தனக்காரர்கள் கூடிவிட்டார்கள். வெல்டிங் கடைக்காரன் தன் கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தான், ஆளுக்கு ஆள் கைமாறிற்று. வெளிச்சம் ஒரு மாதிரி வெளுத்துப்போய், நடுப்பகலில் விளக்கு வைக்கிற நேரம் போல ஆயிற்று. எங்கோ நாய்கள் குரைத்தன.

"வாம்மா, உன் முறை. கண்ணாடிய வாங்கிக்க."

ஒதிலியா ரூம் வாசலை விட்டு நகரவில்லை.

"இல்ல தோன்யா, எனக்குக் கண்ணு கூசும்."

"இந்தக் கண்ணாடியில என்ன கூசப்போகுது? அட, வா சொல்றேன்!"

கையைப் பிடித்து இழுத்தாள். ஒதிலியா பின்வாங்கினாள். அவளுக்கே தெரியாமல் இடது கை போய் வயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டது. ஸ்வெட்டருக்கு மேலாகவே ஊக்குகளைத் தடவிப் பார்த்தது.

அந்தக் கை போன இடத்தைத் தோன்யா எல்வீரா பார்த்துவிட்டாள். ஐந்து பெற்றவள், ஐந்துக்கும் கிரகணக் காப்பு கட்டியவள். குனிந்து, ஸ்வெட்டரின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினாள். சிவப்பு நாடா தெரிந்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் அனாஹி.

ஆனால் கிழவி கத்தவில்லை. அடுத்த நொடி தன் தோளில் கிடந்த சால்வையை உருவி ஒதிலியாவின் வயிற்றைச் சுற்றி மூடினாள். "அடிப்பாவி! வயித்துல வெச்சுக்கிட்டா இங்க நிக்கற? உள்ள போ, உள்ள போ!" என்று தள்ளிக்கொண்டு போய் மாடிப்படியின் இருட்டில் உட்கார வைத்தாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"அஞ்சு மாசத்த வெச்சுக்கிட்டு மூணு ஊக்கு போதுமா? எங்கம்மா எனக்கு கத்தரிக்கோலே கட்டிவிட்டா. அசையாத. முடியற வரைக்கும் நானும் இங்கதான் இருப்பேன்."

இருந்தாள். முட்டி வலியோடு அந்தக் குறுகல் படியில் ஒதிலியாவின் தோளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். தோன்யா முணுமுணுவென்று ஜெபம் சொன்னாள். ஒதிலியாவுக்குத் தன் அம்மாவின் மடியில் கிடப்பது போலிருந்தது. இவ்வளவு நல்லவளிடமா பொய் சொன்னோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே ஒரு ஆசையும் வந்தது: இப்படிப் பார்த்துக்கொள்கிறவள் நம்மைப் போகச் சொல்வாளா?

வெளிச்சம் திரும்பிற்று. தோன்யா சாவிக்கொத்தை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நல்லபடியாப் பொறக்கும். ஆனா ரூம் கிடையாது, கண்ணு."

"தோன்யா..."

"ரூமுக்கு ஒரு புள்ள. சொன்னேனா இல்லையா?"

"இது பொறக்க இன்னும் நாலு மாசம் இருக்கு."

"பொறந்தப்புறம்தானே தண்ணி? கைக்குழந்தைத் துணிக்குத்தான் பாதி டாங்க் போகும், நீ சலவைக்காரி, உனக்குத் தெரியாதா? இன்னிக்கு உள்ள விட்டா, அப்புறம் பச்சைக் குழந்தையும் கையுமா உன்ன வெளிய அனுப்பச் சொல்லி மத்தக் குடித்தனக்காரங்க எல்லாம் எங்கிட்ட வந்து நிப்பாங்க. எனக்கு அதுக்கு மனசு வராது. அதான் இப்பவே சொல்றேன்."

கீழே மணி அடித்தது. ஒரு மணி ஜோடி. படிக்கம்பி வழியாகப் பார்த்தால் தெரிந்தார்கள், இளசுகள், கையில் ஒரு நாய்.

"நாய்க்கு மட்டும் இடம் உண்டா?" அனாஹியால் அடக்க முடியவில்லை.

"நாய் தினம் குளிக்காதுடி." தோன்யா கோபப்படவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒதிலியாவின் தலையைத் தடவினாள். "இங்க பாரு. என்னால முடிஞ்சது ஒண்ணுதான். வயித்துல இருக்கறத ஒண்ணுன்னு வெச்சுக்கறேன். நீயும் அதுவும். பிரசவத்துக்கு நானே டாக்ஸி பிடிச்சு அனுப்பறேன், வந்தா கஞ்சி வெச்சுத் தரேன். இந்தப் பையன் வேணாம். சொந்தக்காரங்க யார்கிட்டயாவது விடு. சரின்னா சொல்லு, அவங்கள அனுப்பிடறேன். இல்லன்னா மேல வரச் சொல்றேன்."

ததேயோ குச்சியை நக்கிக்கொண்டு படியில் ஒன்று விட்டு ஒன்று குதித்துக்கொண்டிருந்தான்.

ஒதிலியா வாயைத் திறந்தாள். முடியாது என்று சொல்லத்தான் திறந்தாள். என் பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பத்தான் நான் இந்த ரூமுக்கே வந்தேன், பையனை விட்டுவிட்டு வந்தால் அவள் அல்லவா வீட்டோடு கிடக்க வேண்டும் என்று சொல்லத்தான். ஆனால் அப்படிச் சொல்ல, தனக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று முதலில் சொல்ல வேண்டும்.

அதற்குள் அனாஹி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி எங்க வீட்லயே இருக்கட்டும், சித்தி. நான் பாத்துக்கறேன்."

ஒப்பிப்பது போல, முகத்தில் ஒரு அசைவில்லாமல் சொன்னாள். தோன்யா எல்வீரா அவளையும் ஒதிலியாவையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாம் தெரிந்தவள் போல ஏதோ கேட்க வந்து, கேட்காமல் விட்டுவிட்டாள். கேட்டிருந்தால் அவளாலும் சாவியைக் கொடுத்திருக்க முடியாது. கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி ஒதிலியாவின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, கீழே இருந்தவர்களிடம் சத்தம் போட்டாள்.

"ரூம் போயிடுச்சு, பசங்களா! வேற எடம் பாருங்க!"

* * *

மெட்ரோ படியருகே ஒதிலியா நின்றுவிட்டாள்.

"நான் சாவியத் திருப்பிக் குடுத்துட்டு வரேன்."

"குடுத்துட்டு?"

"பாத்துக்கலாம்."

"என்ன பாத்துக்கலாம்? நாளைக்குக் காலைல ஆறு மணி ஷிஃப்ட். ரெண்டரைக்கு எழுந்து மறுபடி அந்த வேன்ல ஏறுவியா? மறுபடி ரோட்ல விழுவியா?" அனாஹி இதுவரை அழவில்லை. இப்போதும் அழவில்லை, கோபம்தான் வந்தது. "அன்னிக்கு அப்பாவுக்குப் போன் வந்தப்ப நான்தான் எடுத்தேன். நீ செத்துட்டன்னு நெனைச்சேன், தெரியுமா?"

"அடுத்த வருஷம் உன்ன மறுபடி சேத்துடலாம்."

"ம்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"சரின்னு சொன்னேனே, சித்தி."

சொன்ன பிறகுதான் அனாஹிக்கே உறைத்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒதிலியாவின் நெஞ்சு பிளந்துவிடும் போலிருந்தது. திட்டினால், அழுதால், அம்மாவின் ஸ்வெட்டரைப் பிடித்து உலுக்கினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள்.

ததேயோ அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "நீ ஏறல?" என்று கேட்டான்.

"அம்மா அப்புறம் வரேன்டா, ராஜா."

"எப்ப?"

"லீவு கிடைச்சதும்."

அவன் நம்பவில்லை, அழ ஆரம்பித்தான். அனாஹிதான் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வா, இந்தியோஸ் வெர்தெஸ் ஸ்டேஷன்ல பெரிய பஸ் எல்லாம் நிக்கும், எண்ணிக்கிட்டே போலாம்" என்று பேச்சுக் கொடுத்தபடி இறங்கினாள். அந்த இடுப்பு அவனுக்குப் பழகிவிட்டிருந்தது. அழுகையை நிறுத்திவிட்டுக் கட்டிக்கொண்டான். அதைப் பார்க்க ஒதிலியாவுக்கு இன்னும் தாங்கவில்லை.

ரூமுக்கு வந்து, தோன்யா கொடுத்த பழைய பாயை விரித்து உட்கார்ந்தாள். வெளியே பக்கத்து ரூம்காரி குழாயைத் திறந்து வாளியை நிரப்பிக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை ஒரு தரம் புரண்டது. இனிமேல் குலுக்கல் இல்லை என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

போன் அடித்தது. நிக்கானோர்.

"என்ன ஆச்சு? நானும் தம்பியும் மட்டும் பஸ்ல வர்றோம்னு அனாஹி ஒரு வரி அனுப்பியிருக்கா, வேற எதுவும் சொல்ல மாட்டேங்கறா. ததேயோவ ஏன் திருப்பி அனுப்பின?"

"ரூம் கிடைச்சிடுச்சு, நிக்கோ."

"நிஜமாவா?"

"சாவி கைல இருக்கு."

மறுமுனையில் அவன் "ஓ!" என்று கத்தினது காலி வீடுகளுக்கெல்லாம் கேட்டிருக்கும். "தெரியும் எனக்கு! ஸ்வெட்டர்தான் காப்பாத்திச்சு, பாத்தியா? அப்ப ததேயோ ரெண்டு நாள் கழிச்சு வரானா? காப்பகத்துல திங்கட்கிழமைதானே சேத்துக்குவாங்க, அதானா?"

ஒதிலியா பதில் சொல்வதற்குள் அவனே பேசிக்கொண்டு போனான். இவ்வளவு சந்தோஷமாக அவன் பேசிக் கேட்டு எத்தனையோ மாதம் ஆயிற்று.

"நான் தூங்கவே இல்ல, ஒதி. அனாஹி ஸ்கூல் பாவாடை சட்டையத் துவைச்சுக் காயப்போட்டு, நானே இஸ்திரியும் போட்டேன். நீ பாத்தா சிரிப்ப, மடிப்பெல்லாம் கோணல். திங்கட்கிழமை ஷிஃப்ட் மாத்தி வாங்கிட்டேன். நானே அவளக் கூட்டிட்டுப் போய் கிளாஸ்ல உக்கார வெச்சுட்டு வரேன். கட்டில் மேல மடிச்சு வெச்சிருக்கேன், உள்ள நுழைஞ்சதும் மொதல்ல அதுதான் கண்ல படும். நீ போன்ல உளறிடாத, என்ன? அவளுக்குத் தெரியக் கூடாது."

"சொல்ல மாட்டேன்," என்றாள் ஒதிலியா.